கம்பெனி செட்டா, அசெம்பிள் செட்டா?

சின்னமனூரில் ஒரு வீட்டுத் திண்ணை. உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. தபேலாவின் ஒவ்வொரு அடியும் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கிறது. “செட் நல்லாருக்கேண்ணே” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடும். அடுத்து நீங்கள் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “கம்பெனி செட்டா, அசெம்பிள் செட்டா?” கம்பெனி செட் என்றால் வாங்கிய விலையைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார். அசெம்பிள் என்றால் காபி வரும், அரை மணி நேரப் பேச்சு வரும், கடைசியில் ஸ்குரூ டிரைவரும் வரும். மேல்மூடியைக் கழற்றி உள்ளே காட்டாமல் உங்களை அனுப்ப மாட்டார்.

தேனியில் தொடங்கி சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி மலையடிவாரம் வரை நீளும் இந்தப் பள்ளத்தாக்கைத் திராட்சைக்கும் நெல்லுக்கும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீருக்கும்தான் வெளியூர்க்காரர்கள் தெரிந்துவைத்திருக்கிறார்கள். ஊருக்கு ஊர் இருக்கும் மைக் செட் கடைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கடைகளின் பின்கட்டிலும், வீட்டு மாடிப்படிக்கு அடியிலும், மோட்டார் ரூம் மூலையிலும் ஒரு சால்டரிங் அயன் சூடாகிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம், ஜீப் டிரைவராக இருக்கலாம், இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஊரிலேயே தங்கிவிட்ட பையனாக இருக்கலாம். பொழுதுபோக்கு என்று சொன்னால் இவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். தொழில் என்று சொன்னால் வீட்டிலிருப்பவர்கள் சிரிப்பார்கள்.

நானும் இந்தக் கூட்டத்தில் ஒருவன். அதனால் நடுநிலையான கட்டுரையை எதிர்பார்க்க வேண்டாம்.

டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தில் மூன்று முறை படித்தும் எனக்கு ஏறவில்லை. ஏற்றியவர் ஒரு மைக் செட்காரர். “மதகு தெரியும்ல? பெரியாத்துத் தண்ணி எம்புட்டு வேகமா வருது? அதைத் திறக்குறவரு சக்கரத்த ஒரு கையால சுத்துறாரு, அம்புட்டுத்தான். தண்ணி ஆத்தோடது, கை ஆளோடது. மைக்குல பேசுறவன் கை மாதிரி. கரண்டு ஈபியோடது.” ஆம்ப்ளிஃபயரின் மொத்த ரகசியமும் இதில் இருக்கிறது. மைக்கில் பேசியவரின் குரல் பெரிதாவதே இல்லை. அந்தக் குரல் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கி, மின்வாரியத்தின் கரண்ட்தான் அவர் குரலில் பேசுகிறது.

டிஜிட்டலில் மதகுக்கு இரண்டே நிலை: முழுக்கத் திறப்பு, முழுக்க மூடல். அனலாகில் கால் திறப்புக்கும் அரைக்கால் திறப்புக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. டிஜிட்டல் சர்க்யூட் கெட்டால் பெரும்பாலும் ஓடாமல் நின்றுவிடும். அனலாக் சர்க்யூட் ஓடிக்கொண்டே கெடும். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் ஹம்மிங், ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் மற்றதைவிடக் கூடுதல் சூடு, எங்கிருந்தோ லேசாகத் தீய்ந்த வாடை. ஆகவே காது, விரல், மூக்கு மூன்றுக்கும் வேலை இருக்கிறது. மீட்டர் அப்புறம்தான். இன்புட் முனையில் விரலை வைத்தால் ஸ்பீக்கர் ‘கொர்ர்’ என்கிறதா? அப்படியானால் அதற்குப் பின்னால் இருக்கும் பகுதி எல்லாம் உயிரோடு இருக்கிறது. வீட்டு வயரிங்கில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் நம் உடம்பில் ஏறி, விரல் வழியாக செட்டுக்குள் போகிறது. அதைத்தான் ஸ்பீக்கர் சொல்கிறது. மனித உடம்பே ஒரு டெஸ்ட் கருவி. (டிரான்ஸ்பார்மரின் மெயின்ஸ் பக்கம் மட்டும் இந்த வித்தையைக் காட்டக் கூடாது. காட்டினால் செட் உயிரோடு இருக்கும்.)

நான் கட்டிய முதல் பவர் சப்ளை வெடித்தது. கடையில் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் கேட்டேன், கொடுத்தார்கள். பன்னிரண்டு வோல்ட்டுக்குப் பதினாறு வோல்ட் கண்டன்சர் தாராளம் என்று நானே முடிவு செய்து போட்டேன். ஸ்விட்சைப் போட்டுச் சிறிது நேரம் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ‘டப்’. போடியில் இலவங்காய் வெடித்துப் பஞ்சு பறக்குமே, அதுபோல மேசை முழுக்க வெள்ளையாகத் துணுக்குகள். டிரான்ஸ்பார்மரில் எழுதியிருக்கும் 12 என்பது ஏசி மின்சாரத்தின் ஒரு வகைச் சராசரி. டையோடைத் தாண்டிக் கண்டன்சருக்குள் போய் உட்காருவது அதன் உச்சி. 12ஐ 1.414ஆல் பெருக்கினால் 17 வோல்ட்டை ஒட்டி வருகிறது. லைனில் வோல்டேஜ் ஏறும் நள்ளிரவில் இன்னும் கூடும். இந்தப் பெருக்கலைப் பன்னிரண்டாம் வகுப்பில் படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன். கண்டன்சர் வெடித்த பிறகுதான் அது எனக்குச் சொந்தமானது. இன்றைக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்கு 25 வோல்ட் கண்டன்சருக்குக் கீழே என் கை போகாது.

மூத்தவர்களைக் கேட்டால் கதை ரேடியோவில் தொடங்கும். திருச்சி வானொலி நிலையம் 1939 மே 16ஆம் தேதி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆனால் எங்கள் பக்கத்து டீக்கடைகளின் நினைவில் நிற்பது சிலோன்தான். இலங்கை வானொலி பள்ளத்தாக்கின் பழைய தலைமுறையின் காதைப் பழக்கியது. சாயங்காலம் நன்றாகக் கேட்கும், நடுவில் மங்கும், மறுபடி எழும்பி வரும். மங்கியதை எழுப்ப ஏரியலை மாற்றுவது, காயிலில் இரண்டு சுற்று கூட்டுவது, கேங் கண்டன்சரை மயிரிழை திருப்புவது என்று ஆரம்பித்தவர்கள்தான் பிறகு மூடியைக் கழற்றினார்கள். அப்போது ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும். 1980களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது.

கம்பெனி செட்டோடு மல்லுக்கட்டுவதும் புதிதில்லை. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941லேயே சொன்னவர் கோவை ஜி.டி. நாயுடு. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தபோது, பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் செய்த டிரான்சிஸ்டர்கள் ‘பெல் டிரான்சிஸ்டர்’ என்ற பெயரில் தென் மாவட்ட ரிப்பேர் கடைகளை நிரப்பின. எழுத்தாளர் சுஜாதா இன்ஜினியராக வேலை பார்த்த அதே பெல்தான். ஏசி 128, பிசி 148 என்ற எண்களை மாமன் மச்சான் பெயர்போலச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உதிரிபாகத்துக்கு மதுரை டவுன்ஹால் ரோடு. இங்கிருந்து ஆரப்பாளையம் வரை பஸ். மஞ்சப்பையில் டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருபவரைக் கண்டக்டர் ஒரு தினுசாகப் பார்ப்பார். இரும்பும் செம்பும் சேர்ந்த அந்தக் கனத்துக்கு லக்கேஜ் டிக்கெட் போடலாமா கூடாதா என்ற குழப்பம்.

ஜீப் கணக்கு

விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கம்பத்திலும் போடியிலும் நின்று பாருங்கள். கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக மலையேறும். தூக்கம் கலையாத அந்த ஜீப்புகளில் பாட்டுப் பாடிய ஒரு சில்லு உண்டு: எல்ஏ 4440. சான்யோ நிறுவனம் கார் ஸ்டீரியோவுக்காகச் செய்த இந்த ஐசி, இந்தியாவில் வீட்டு ஆம்ப்ளிஃபயர் கட்டுகிறவர்களின் அரிச்சுவடி ஆகிவிட்டது. பதினாலு கால், ஒரு சின்ன போர்டு, ஏழெட்டுக் கண்டன்சர், ஒரு அலுமினியத் துண்டு. பேட்டரியில் கொடுத்தால் உடனே பாடும்.

எவ்வளவு பாடும்? இங்கேதான் அசெம்பிள்காரரையும் அட்டைப்பெட்டி விளம்பரத்தையும் பிரித்துப் பார்க்கலாம். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. ஸ்பீக்கர் நாலு ஓம். ஒரு ஆம்ப்ளிஃபயர் தன் அவுட்புட்டை அதிகபட்சம் 0க்கும் 12க்கும் நடுவே ஆட்டலாம். நடுவிலிருந்து ஆறு மேலே, ஆறு கீழே. கணக்குப் போட்டால் நாலரை வாட். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் இரண்டு ஆம்ப்ளிஃபயர் எதிரெதிராகத் தள்ளினால் ஆட்டம் இரட்டிப்பாகும், வாட் நான்கு மடங்காகும்: 18. என்ஜின் ஓடும்போது பேட்டரி பதின்மூன்றைத் தாண்டும். சான்யோ தன் தாளில் 13.2 வோல்ட்டுக்கு 19 வாட் என்று போட்டிருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. வோல்ட்டை உள்ளேயே ஏற்றித் தரும் தனிச் சர்க்யூட் இல்லாமல், இதே பேட்டரியில் இதே ஸ்பீக்கரில் இருபத்துச் சொச்சத்துக்கு மேலே போக பிரம்மாவாலும் ஆகாது. ஆனால் அட்டைப்பெட்டியில் ‘1000 வாட் பிஎம்பிஓ’ என்று அச்சடிக்கக் கம்பெனிகள் வெட்கப்பட்டதில்லை. ஜீப் டிரைவர் வெட்கப்படுவார். “பதினெட்டு வாட்டு, சுத்தமான பதினெட்டு” என்பார்.

வீட்டு செட்டுக்கு வந்தால் எண்கள் மாறும். ஒரு காலத்தில் 3055. இரும்புத் தொப்பி போட்டாற்போல இருக்கும் அந்தப் பவர் டிரான்சிஸ்டர் 1960களில் அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் கொண்டுவந்தது. 15 ஆம்பியர் வரை தாங்கும். இப்போது கேட்டால் ‘5200-1943’ என்று ஜோடியாகத்தான் சொல்வார்கள். ஒன்று மேலே தள்ளும், மற்றது கீழே இழுக்கும். ரம்பத்துக்கு இரண்டு பக்கம் ஆள் நிற்பது மாதிரி. இரண்டுக்கும் நடுவே கைமாறும் இடத்தில் சின்ன இடைவெளி விழுந்தால், சத்தம் குறைவாக வைக்கும்போது பாட்டில் மணல் அரைபடும். அந்த இடைவெளியை மூட இரண்டு டிரான்சிஸ்டருக்கும் சும்மா இருக்கும்போதே கொஞ்சம் கரண்ட் விட்டுவைக்க வேண்டும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? குறைந்தால் மணல், கூடினால் சூடு. சூடானால் டிரான்சிஸ்டர் இன்னும் கரண்ட் இழுக்கும், இழுத்தால் இன்னும் சூடாகும், கடைசியில் புகை. ஆகவே சூட்டை மோப்பம் பிடிக்கும் ஒரு டையோடை ஹீட் சிங்க்கோடு ஒட்டவைத்துக் கட்டுவார்கள். இதைச் செய்யத் தெரிந்த ஒருவரிடம் “இது நெகட்டிவ் ஃபீட்பேக்” என்று சொன்னேன். “காய்ச்சல்காரனுக்கு நெத்தியில கை வைக்கிற மாதிரிப்பா” என்றார்.

மரத்தில் கட்டிய குழாய்

சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் திருவிழா. முல்லையாற்றங்கரை முழுக்கக் கூட்டம். முன்பெல்லாம் ஊர்த் திருவிழா என்றால் அலுமினியக் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்திலும் தென்னையிலும் கட்டி, கோயில் வாசலில் இருக்கும் செட்டிலிருந்து அரை மைல் தூரத்துக்கு ஒல்லி வயரை இழுத்துவிடுவார்கள். அவ்வளவு ஒல்லி வயரில் எப்படி அவ்வளவு சத்தம்?

நூறு வாட் செட்டை எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு நேராகக் கொடுத்தால் சுமார் 28 வோல்ட், மூன்றரை ஆம்பியர். மூன்றரை ஆம்பியர் ஒல்லி வயரில் ஓடினால் பாதிப் பாட்டு வயரைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். அதற்காகச் செட்டுக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரைப் போட்டு 100 வோல்ட் லைனாக ஏற்றுகிறார்கள். அதே நூறு வாட்டுக்கு ஒரு ஆம்பியர் போதும். வயரில் வீணாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நஷ்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. மரத்தில் இருக்கும் குழாய்க்குப் பின்னால் இன்னொரு குட்டி டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி இறக்கிக்கொள்ளும்.

இதே வேலையைத்தான் கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப்பில் பெரிய அளவில் செய்கிறார்கள். 1895ல் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைத் துளைத்து வந்து, ராட்சதக் குழாய்களில் இறங்கி, 1950களின் இறுதியிலிருந்து அங்கே மின்சாரம் தருகிறது. மின்சாரத்தை உயர் அழுத்தத்துக்கு ஏற்றித்தான் கோபுரக் கம்பிகளில் அனுப்புகிறார்கள். தண்ணீர் கீழே வயலுக்குப் போகிறது. கோபுரக் கம்பிக்கும் புளியமரத்து வயருக்கும் கணக்கு ஒன்றே.

இந்தக் குழாய் ஸ்பீக்கரைப் பற்றி எனக்கு ஒரு பழைய வருத்தம் உண்டு. பண்ணைப்புரம் எங்கள் பள்ளத்தாக்கு ஊர். அங்கேயிருந்து பிள்ளைகள் சென்னைக்குக் கிளம்பியபோது தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றுப் பணம் கொடுத்தார் என்பதை இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். 1976ல் அன்னக்கிளி வந்தது. அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் மரத்துக்கு மரம் அவர் பாட்டு. ஆனால் அவர் பாட்டின் உயிர்நாடியான பேஸ் கிதாரை அந்த மரங்கள் பாடியதே இல்லை. பேஸ் கிதாரின் தடித்த கம்பியின் சுருதி 41 ஹெர்ட்ஸ். குழாய் ஸ்பீக்கரோ சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே ஊமை. கம்பியின் அடிநாதம் குழாயில் வராது. அதன் மேல்நாதங்கள் மட்டும் வரும். காது அவற்றை வைத்துக்கொண்டு அடிநாதத்தைத் தானே கற்பனை செய்துகொள்ளும். ஆக, அவர் ஊர்த் திருவிழாவில் ஒலித்த அவர் பாட்டின் கீழ்ப்பாதியை ஊர்க்காரர்கள் காதால் கேட்கவில்லை, ஊகித்தார்கள்.

அசெம்பிள் செட் வெறி இந்த ஊகத்திலிருந்துதான் பிறந்தது என்பது என் கட்சி. கேசட்டில், தியேட்டரில் அந்த ‘தும் தும்’மை ஒருமுறை நிஜமாகக் கேட்டவனுக்கு அப்புறம் வீட்டு டேப்ரிக்கார்டர் போதவில்லை. ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் கவிழ்த்துவைத்தார்கள். டீக்கடைகளில் இந்தப் பானை ஸ்பீக்கர் ஒரு காலத்தில் சாதாரணம். பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்போல வேலை செய்து ஒரு குறிப்பிட்ட கீழ்ச்சுருதியைத் தூக்கிக்கொடுக்கும். சிமெண்ட் பைப், பிறகு பிளைவுட் பெட்டி, பெட்டிக்கு ஒரு துளை, துளைக்கு ஒரு பிவிசி பைப். பைப்பின் நீளத்தை ரம்பத்தால் ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக அறுத்துக் குறைத்துக்கொண்டே கேட்பார்கள். எல்லாரும் ஒரே பாட்டைத்தான் சோதனைக்குப் போடுவார்கள் என்றால் நம்புவீர்களா? ஒரே பாட்டு இல்லை, ஆனால் ஒரே ஆளின் பாட்டு.

பிற்பாடு 2000ஆம் ஆண்டில் ஒலி மாசு விதிகள் வந்தன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. கூம்புக் குழாய்களைக் கழற்றச் சொல்லிக் காவல்துறையும் இறங்கியது. பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு அது விடுதலை. நான் அதில் குறை சொல்ல மாட்டேன். கழற்றப்பட்ட குழாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. யூனிட்டுகள் மட்டும் மைக் செட் கடைப் பரணில் கிடக்கின்றன.

எழுதப்படாத சர்க்யூட்

இனி கொஞ்சம் சண்டை. இந்தப் பள்ளத்தாக்கின் அசெம்பிள்காரர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு, மனத்தாங்கலும் உண்டு. அவர்கள் எதையும் வரைவதில்லை.

எந்த மைக் செட்டிலும் ‘பாஸ்’, ‘டிரெபிள்’ என்று இரண்டு குமிழ் இருக்கும். உள்ளே இருக்கும் போர்டைக் கடையில் ‘பாஸ் டிரெபிள் போர்டு’ என்று கேட்டு வாங்குவார்கள். அந்தச் சர்க்யூட்டை முதலில் வெளியிட்டவர் பீட்டர் பேக்ஸண்டால் என்ற ஆங்கிலேயர். 1952 அக்டோபரில் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ பத்திரிகையில் வரைபடத்தோடு எழுதினார். அவர் வரைந்ததால்தான் எழுபது வருஷம் கழித்து அதன் வம்சம் சின்னமனூரில் இருக்கிறது. 1969 ஏப்ரலில் அதே பத்திரிகையில் லின்ஸ்லி ஹுட் எழுதிய பத்து வாட் ஆம்ப்ளிஃபயரை இன்றும் உலகெங்கும் கட்டுகிறார்கள். நான்கே டிரான்சிஸ்டர்.

நம்மிடமும் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் ஒரு அமெச்சூர் ரேடியோக்காரர். வெளிநாட்டு வயர்லெஸ் செட்டின் விலை நம் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது என்பதால், 2000களின் தொடக்கத்தில் ‘பிட்எக்ஸ்’ என்ற செட்டை வடிவமைத்தார். பேசவும் கேட்கவும் ஒரே ஆம்ப்ளிஃபயர் பாதையை முன்னும் பின்னுமாகப் பயன்படுத்தும் சாமர்த்தியமான அமைப்பு. காயில் சுற்ற விசேஷமான வளையம் இங்கே கிடைக்காதே? தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வாஷரில் சுற்றலாம் என்று எழுதினார். டிவி ஆன்டெனாவுக்குப் பின்னால் வரும் சின்ன பலூன் கோரை உடைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஹார்டுவேர் கடையும் டிவி ரிப்பேர் கடையும் இருக்கும் எந்த ஊரிலும் கட்டிவிடலாம். ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதை விளக்கி, வரைபடத்தை எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். பல நாடுகளில் கட்டினார்கள், திருத்தினார்கள், திருத்தியதை மறுபடி வரைந்து திருப்பிக் கொடுத்தார்கள். (பேச லைசென்ஸ் வேண்டும், மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி வாங்கலாம். லைசென்ஸ் இல்லாமல் ஒரு டிரான்சிஸ்டர் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் கட்டிக் கோடை எஃப்எம்மின் 100.5க்குப் பக்கத்தில் போய் ஒலிபரப்பும் விடலைப் பருவ வீரம் குற்றம். நான் செய்தேனா என்று கேட்காதீர்கள்.)

நம் ஊரில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒருவர் புதிதாக ஒரு போர்டு கட்டிப் பேர் வாங்கிவிட்டால், முதல் வேலையாக ஐசியின் மேலிருக்கும் நம்பரை உப்புத்தாளால் தேய்த்துவிடுவார். அடுத்த கடைக்காரன் பார்த்துவிடக் கூடாதாம். தேய்த்த ஐசி கெட்டால் அவருக்கே மூன்று வருஷம் கழித்து என்ன நம்பர் என்று தெரியாமல் தலையைச் சொறிவதை நான் பார்த்திருக்கிறேன். பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். வரைந்து கொடுத்தால் அரிசி வருமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் ஒரு தலைமுறையின் காது கண்டுபிடித்தது, ஒரு தாள்கூட மிச்சமில்லாமல் போவது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. போடி மேற்கு மலையில், தேவாரம் பக்கத்துப் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எதிர்ப்பு, வழக்கு, தமிழக அரசின் மறுப்பு என்று அது நின்றுபோயிருக்கிறது. அதன் நல்லது கெட்டது தனிக் கட்டுரைக்கு உரியது. ஐம்பதாயிரம் டன் இரும்புக்கு நடுவே பொருத்தத் திட்டமிட்ட கருவியில் சிக்னல் வரும் பாதைகள் மட்டும் சுமார் 36 லட்சம். துகள் ஒன்று கடந்தால் கிடைப்பது நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரம் நீடிக்கும் நுண்ணிய துடிப்பு. கம்ப்யூட்டருக்குப் போகும் முன் அதை முதலில் தாங்கிப் பிடித்துப் பெரிதாக்க ஒவ்வொரு பாதையின் வாசலிலும் அனலாக் ஆம்ப்ளிஃபயர்தான் வேண்டும். எத்தனை டிஜிட்டல் வந்தாலும் வெளியுலகம் உள்ளே நுழையும் கதவு அனலாக்தான். பொட்டிப்புரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் அதே வேலையை மைக்குக்குச் செய்கிறவர்கள் இருந்தார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்திருக்காது.

இப்போதைய நிலவரம்: கிளாஸ் டி போர்டு உள்ளங்கை அளவில் வந்துவிட்டது. சூடும் இல்லை, கனமும் இல்லை. புளூடூத் சேர்த்தே கிடைக்கிறது. ஆன்லைனில் வாங்கி நாலு வயர் கொடுத்தால் பாடிவிடும். இதுவும் அசெம்பிள்தான் என்கிறார்கள் பையன்கள். இடியாப்ப மாவு பாக்கெட் வாங்கிப் பிழிந்தால் அதுவும் வீட்டுச் சமையல்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்களில் பத்தில் ஒருவன் போர்டு எரிந்ததும் தூக்கிப் போடாமல் ‘ஏன் எரிந்தது’ என்று கேட்கிறான். மீட்டர் வாங்குகிறான். அடுத்த மாதம் அவன் கையில் தகரப் பெட்டியும் பழைய 12-0-12 டிரான்ஸ்பார்மரும் இருக்கிறது. கண்டன்சர் எத்தனை வோல்ட் என்று கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறது எனக்கு.

வீரபாண்டித் திருவிழா முடிந்த வாரம், மதகு சொல்லிக்கொடுத்த அதே மைக் செட்காரர் கடைக்குப் போனேன். பரணிலிருந்து அவருடைய பழைய 3055 செட்டை இறக்கச் சொல்லி, அதை வரைந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். “வரைஞ்சு என்னய்யா செய்யப் போற?” என்றவர், டீ சொல்லி அனுப்பிவிட்டு விளக்கையும் பக்கத்தில் திருப்பி வைத்தார்.

முதல் ஸ்டேஜில் பெல்லின் பிசி 148. மாற்றவே இல்லை. பவர் சப்ளையில் நான்கு டையோடுகள் மட்டும் புதுசு: கோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில் இடி விழுந்த வருஷம் போட்டது. அவுட்புட் முனையில் பத்து ஓம் ரெசிஸ்டரும் பாயின்ட் ஒன் கண்டன்சரும் தரையைப் பார்த்து நின்றன. நீள வயர் இழுத்தால் செட் மனிதக் காதுக்கு எட்டாத சுருதியில் தானாகக் கத்தத் தொடங்கிவிடும், பாட்டு சும்மா இருக்கும்போதே டிரான்சிஸ்டர் சுடும். இதைப் போட்டதிலிருந்து அந்தத் தொந்தரவு இல்லை என்றார். “இதுக்கு ஜோபெல்னு பேருண்ணே” என்றேன். “யாரு அவரு?” என்று கேட்டார். அமெரிக்காவில் டெலிபோன் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் என்றேன். “அவருக்கும் நீள வயரு பிரச்சினைதான் போல” என்றார்.

போர்டைத் திருப்பினேன். செம்புப் பக்கத்தில், அச்சில் இடமே இல்லாத இடத்தில், முதல் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் குறுக்கே பயறளவு செராமிக் கண்டன்சர். 101 என்று எழுதியிருந்தது: நூறு பிக்கோஃபாரட். “அது செல்போன் வந்தப்புறம் வச்சது” என்றார். ஒரு கட்சிக் கூட்டத்தில் பேச்சாளர் சட்டைப் பையில் போன். அழைப்பு வருவதற்கு முன்னால் மைக் செட்டில் ‘டட்டட் டட்டட்’ என்று அடித்திருக்கிறது. போன் நொடிக்கு 217 முறை துடித்து அனுப்பும் அலையை முதல் டிரான்சிஸ்டர் ரேடியோபோலப் பிடித்திருக்கிறது. கூட்டத்தில் கைதட்டல் வேறு. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து நாலைந்து கண்டன்சர் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கிறார்.

எல்லாவற்றையும் வரைந்துகொண்டே வந்தேன். ஒரு பாகம் மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. இரண்டாவது ஸ்டேஜிலிருந்து வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலுக்குத் தனி வயராக ஓடும் ஒரு 47 கே ரெசிஸ்டர். எதற்கென்று கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போர்டை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்கண்ணன் வச்சது. அவரு போயி பன்னெண்டு வருசமாச்சு. நானும் ஒரு நா எடுத்துப் பாத்தேன். செட்டு ஓடத்தான் செஞ்சுச்சு. அப்புறம் என்னமோ மனசு கேக்காம திருப்பிப் பத்தவச்சுட்டேன்.”

தாளில் அந்த இடத்தில் 47 கே என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டேன்.